சேலைத்துணி விமானம்

என் கணவருக்கு இந்தியில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. திருப்பூர்க் காதர்பேட்டைக்குப் பனியன் வாங்க வரும் பம்பாய் வியாபாரிகளிடம் பேசிப் பேசி அவராகப் பொறுக்கிக்கொண்டவை அவை. சரக்கு கொஞ்சம், தைரியம் ஏராளம். அந்தத் தைரியத்தால்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு விமானம் வந்து சேர்ந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் பனியன் துணி பின்னும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் புதிதாகச் சின்ன மிஷின் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். மற்ற மிஷின்களைவிட அது உருவத்தில் பாதி, சத்தத்தில் இரண்டு மடங்கு. பம்பாய்க்காரர் ஒருவர், வயதானவர், நல்ல மனிதர், ‘வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?’ என்று மரியாதைக்கு விசாரித்திருக்கிறார். இவர் தன் பத்து வார்த்தைகளையும் இறக்கி, ‘வீட்டுக்குச் சின்னது ஒன்று வந்திருக்கிறது, எந்நேரமும் கத்துகிறது, எண்ணெய் போட்டாலும் அடங்கவில்லை’ என்று சொல்லிவிட்டார். பெரியவர் இவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாராம். மிஷின் வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று இவருக்கு ஒரே பெருமை.

அடுத்த முறை திருப்பூர் வந்தபோது அந்தப் பெரியவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "பையனுக்கு" என்றார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் அனுப்பியதாம். தன் வீட்டில் விளையாட ஆளில்லை என்று பிரிக்காமலே கொண்டுவந்திருந்தார். பெட்டியின் மேல் நீல வானத்தில் ஒரு விமானம் பறக்கிற படம். பையன் எங்கே என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்க, என் கணவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் வெளிறிப்போய், தூங்குகிறான் என்று சொல்லிவிட்டார். பெரியவர் சத்தம் போடாமல் காபி குடித்து, சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, பூனை நடை நடந்து வெளியே போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "அவரு வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று அட்டைப்பெட்டிக்குத் திருநீறு பூசி வைத்தார்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே விமானம் இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற வெள்ளை மரத் துண்டுகள், மெல்லிய கம்பிகள், ரப்பர் சக்கரங்கள், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் இன்ஜின், ஏரியலை இழுத்து நீட்டுகிற கண்ட்ரோல் பெட்டி, போர்வை போல விரிகிற வரைபடம் ஒன்று, கூடவே இங்கிலீஷில் ஒரு புத்தகம். என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இதென்ன புள்ள, மாவை ஆட்டி ஊத்தி நாமளே சுட்டுக்கோணுமாட்ட இருக்குது" என்றார்.

சுடலாம் என்று முடிவானது. அவர் படித்தது எட்டாவது வரை. ஆனால் அவர் கைக்குப் பிடிபடாத மிஷின் கிடையாது. நான் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.யூ.சி. முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த இங்கிலீஷுக்கு மருந்துப் பாட்டிலின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது. நான் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியது, அவர் செய்ய வேண்டியது.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. தரையில் நின்றுகொண்டு பெட்டியிலிருக்கும் குச்சியை விரலால் அசைத்தால், ரேடியோ அலை போய், ஆகாயத்தில் இருக்கும் விமானத்தின் வால் அசையுமாம். வால் அசைந்தால் விமானம் திரும்புமாம். இழுத்துக் கட்டிய கயிறு கிடையாது, கம்பி கிடையாது. அதைப் படித்த நிமிஷத்திலேயே எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் பெட்டியை நான் பிடிக்க வேண்டும். ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, நான் ஓட்ட வேண்டும். புடவை நகைக்கெல்லாம் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

"ஏனுங்க, எனக்கும் ஒரு ரவுண்டு குடுக்கோணும்" என்று அன்றைக்கே சொல்லி வைத்தேன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு தடவை பார்க்கலாம் என்றால் பார்க்கலாம். இரண்டு தடவை சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

ரேடியோ பெட்டிக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. இதற்கும் கட்ட வேண்டுமோ என்று பயந்து அவர் கண்ட்ரோல் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டார். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு வருங்களா?" என்று கேட்டிருக்கிறார். வராதுங்க என்றதும், "அப்ப எதுக்குங்க லைசென்ஸு?" என்று அனுப்பிவிட்டார். சரியோ தப்போ, எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

வேலை நடந்தது ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பெனி லீவு நாளில், துணி வெட்டுகிற மேஜை மேல். எங்கள் கட்டிங் மாஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக வந்துவிடுவார். வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்கக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு நிற்பார். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம பேட்டர்ன் தானுங்க. உடம்பு, கை, அவ்வளவுதான்" என்றார். வரைபடத்தை மேஜையில் விரித்து, மரக் குச்சிகளை அதன் மேல் குண்டூசியால் குத்தி நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் இறக்கையின் எலும்புக்கூட்டை நிமிர்த்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் திருப்பூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தோம்.

இறக்கையின் மேல் மெல்லிய துணியை இழுத்து ஒட்டி லாக்கர் பூச வேண்டும், காய்ந்தால் மேளத் தோல் போல விறைத்துக்கொள்ளும் என்று புத்தகம் சொன்னது. பெட்டியில் துணி இல்லை. நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"திருப்பூர்க்காரனைப் போயித் துணி வாங்கச் சொல்றானா?" என்று என் கணவர் சிரித்தார்.

"நெய்த துணின்னு போட்டிருக்குதுங்க. நம்முளது பின்னுன துணி" என்றேன்.

"துணின்னா துணிதான் புள்ள" என்றார். கொட்டகைக்குப் போய், நாங்கள் பின்னியதிலேயே ஆக நைசான ரோலிலிருந்து இரண்டு கெஜம் கொண்டுவந்தார். கார் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வாங்கிய லாக்கரைக் கட்டிங் மாஸ்டர் பூசினார். பனியன் துணி அதைத் தண்ணீர் காணாத மாடு மாதிரிக் குடித்தது. பூசப் பூசக் கனத்தது. காய்ந்தபோது ஒரு பக்கம் சுருங்கியது, ஒரு பக்கம் தொங்கியது. மறுநாள் பார்த்தால் ஓர் இறக்கை வானத்தைப் பார்க்கிறது, இன்னொன்று பூமியைப் பார்க்கிறது. பனியனின் குணமே அதுதானே. போடுகிற உடம்பு எப்படியோ அப்படியே இழுபட்டுக் கொடுக்கும். அதற்காகத்தான் ஊரே அதை வாங்குகிறது. இறக்கைக்கு வேண்டியது இழுத்த இழுப்புக்கு வராத துணி.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது கை வெச்ச பனியனா, கை வெக்காததா?" என்று மகனைக் கேட்டார். கட்டிங் மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். என் கணவர் அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

கோணிய குச்சிகளை மாற்றிச் சரிசெய்தபின், நான் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். பட்டு நல்லது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை முதலிலேயே பார்த்திருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு பட்டு இருந்தது. பெங்களூரில் இருந்த சித்தி கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஜரிகை இல்லாத, கத்தரிப்பூ நிறத்தில், மோதிரத்துக்குள் நுழைந்து வருகிற சன்னமான பட்டு. அதைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன்.

"தர்றேனுங்க. ஆனா ஒரு ரவுண்டு நான் ஓட்டுவேன். இப்ப இவங்க ரெண்டு பேரும் இருக்கறப்பவே சொல்லுங்க" என்றேன்.

மாமியாரும் கட்டிங் மாஸ்டரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சேலையைப் பார்த்தார். "செரி" என்றார். ஒரே ஒரு சரி. எனக்கு அது போதும்.

கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கையில் எடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "ஏனுங்கம்மா, நெசமாலுமே வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கத்திரிச் சத்தம் அங்கேயும் கேட்டது. கொஞ்சம் அழுகை வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் சாயந்தரம் போய் இறக்கையைத் தட்டிப் பார்த்தேன். டொம் என்று சத்தம் வந்தது. அழுகையெல்லாம் போய்விட்டது.

அப்புறம் சரிபார்க்கிற வேலைகள். இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் மூக்கும் வாலும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். எங்களுடையது வாலில் உட்கார்ந்தது. பழைய மிஷினின் நட்டுகளை மூக்குக்குள் வைத்துக் கட்டி என் கணவர் அதைச் சரி பண்ணினார். அடுத்தது வால். குச்சியை வலது பக்கம் அசைத்தால் வால் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்று படித்தேன். அவர் விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பியை மாட்டி, "வலதுக்கு வருது பாரு" என்றார். அவருடைய வலதுக்குத்தான் வந்தது. நானும் புத்தகத்தில் ஒரு டிக் போட்டேன்.

இன்ஜின் குடிப்பது பெட்ரோல் இல்லை. மெத்தனால் ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்தது. ஸ்பிரிட் கோயமுத்தூரிலிருந்து வந்தது. விளக்கெண்ணெய் மாமியாரின் அலமாரியிலிருந்து வந்தது. "அதுக்கு என்ன, வயித்துல கோளாறா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுத்தார்.

எல்லாம் தயாரானபோது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் எங்கள் ஊரில் கொடியில் காய்கிற பனியனே அடுத்த தெருவுக்குப் போய்விடும். காற்று அடங்கி, மழை முடிந்து, மாசி வரைக்கும் காத்திருந்தோம். அவினாசிபாளையத்துப் பக்கம் என் அப்பாவின் தோட்டத்தில் சோளம் அறுத்த வயல் வெறுமையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் கட்டிங் மாஸ்டரும் விமானத்தின் உடம்பையும் புளிச்சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு தாராபுரம் பஸ்ஸில் போனார்கள். இறக்கையை மட்டும் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து என் உயரத்துக்கு இருந்த இறக்கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ரோட்டில் காற்று வாங்கியதும் அது என்னைத் தூக்கப் பார்த்தது. "மெல்லப் போங்க, நானே பறந்துருவேன்" என்று கத்தினேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

வயலில் முதல் சோதனை, பெட்டியை எடுத்துக்கொண்டு தூரம் போய், விமானத்தின் வால் அங்கிருந்து அசைகிறதா என்று பார்ப்பது. நான்தான் பெட்டியோடு வேலி வரைக்கும் நடந்தேன். குச்சியை அசைத்தேன். அத்தனை தூரத்தில் வால் ஆடுகிறது என்று கட்டிங் மாஸ்டர் துண்டை வீசிக் காட்டினார். திரும்பி வந்ததும் என் கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அவர் விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைத் தட்டினார். பலமுறை தட்டியபின் இன்ஜின் பிடித்துக்கொண்டு வீறிட்டது. கருகின விளக்கெண்ணெய் வாசம் வயல் முழுக்கப் பரவியது. கட்டிங் மாஸ்டர் காற்றுக்கு எதிராக ஓடி விமானத்தை வீசினார். எங்கள் கத்தரிப்பூப் பட்டு மேலே ஏறியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது, இவர் வலது கொடுத்தார். இன்னும் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தார். அது இடது பக்கமாகவே சுற்றிக்கொண்டு போய் என் அப்பாவின் சோளத்தட்டுப் போரில் மூக்கைச் சொருகியது.

போர் மெத்தென்று இருந்ததால் விசிறி உடைந்ததோடு போயிற்று. நான் விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை அசைத்துப் பார்த்தேன். வலது அசைத்தால் வால் இடதுக்குப் போனது. "நீங்க மூக்குக்கு முன்னால உக்காந்து பாத்துட்டீங்க. அதோட வலது வேற, உங்க வலது வேறங்க" என்றேன். அவர் கம்பியைக் கழற்றி எதிர்ப்பக்கத்து ஓட்டையில் மாட்டினார். பெட்டியில் உபரியாக இரண்டு விசிறிகள் இருந்தன. ஒன்றை மாட்டினார்.

"இப்ப நானுங்களா?"

"இதெல்லாம் ஒரு ரவுண்டா? வுட்டதும் வுழுந்துருச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் காற்றும் கிளம்பிவிட, அன்றைக்கு அதோடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு விமானம் எவ்வளவு அழகாகப் போயிற்று தெரியுமா. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, அவர் சொன்ன சொல் கேட்டுப் போனது. அகலமாக ஒரு திருப்பு திருப்பினார். எங்களை நோக்கி வரத் தொடங்கியது. அவ்வளவுதான், பிடி போய்விட்டது. வலது பக்கம் திருப்ப நினைத்து வலது அசைத்தால் அது இடது பக்கம் போகிறது. அவர் பெட்டியோடு உடம்பையும் முறுக்கினார், ஒரு காலைத் தூக்கினார், "ஏய், ஏய்" என்று அதட்டினார். விமானம் கிளுவை வேலியில் போய் மாட்டிக்கொண்டது. இன்னொரு விசிறி போயிற்று. இறக்கையில் இரண்டு கிழிசல். வாலில் இந்த முறை தப்பு இல்லை. அது எங்களைப் பார்த்து வரும்போது அதன் வலது எங்களுக்கு இடது, அவ்வளவே. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. தலைக்குத் தெரிந்தது விரலுக்குப் போய்ச் சேரவில்லை.

மிச்சமிருந்த சேலைத் துண்டில் நானே ஒட்டுப் போட்டேன். "இப்ப என் முறை" என்றேன்.

"ஒரே ஒரு விசிறிதான் பாக்கி, புள்ள. நான் முதல்ல நல்லாக் கத்துக்கிட்டு, அப்பறம் உனக்குச் சொல்லித் தர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் அவருக்குப் பதில் சொல்வதைக்கூட மாமியார் மூலமாகவே வைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. கடைக்காரர்கள் விரும்பிப் போடுகிற பாக்கெட் வைத்த பனியன் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த டெய்லர் ஒருவர் ஒரு கட்டு முழுக்கப் பாக்கெட்டை வலது நெஞ்சில் வைத்துத் தைத்துவிட்டார். மேஜையில் விரித்தால் பாக்கெட் அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. அதை வைத்துச் சரி என்று நினைத்திருக்கிறார். என் கணவர் ஒரு பனியனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இடதுன்னா யாரோட இடது? பாக்கறவனோட இடதா? போடறவனோட இடதுய்யா! எதுக்கால ஒருத்தன் போட்டுட்டு வர்றான்னு நெனச்சுக்க. அவனுக்கு எது இடதோ அதுதான் இடது! இதுகூடத் தெரியாம பனியன் கம்பெனிக்கு வந்துட்டே!"

நான் கையிலிருந்த பனியனை அப்படியே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர்தான் வயலில் ஒற்றைக் காலில் நின்றவர். செக்கிங்கில் ஒரு நாளைக்கு எத்தனை பனியன் என் கையில் புரள்கிறது! எதைத் திருப்பிப் போட்டாலும் எது வலது கை, எது இடது கை என்று நான் யோசித்ததே கிடையாது. யோசிக்காமல்தான் வரும். விமானம் எங்களைப் பார்த்து வரும்போது, பனியன் போட்ட ஆள் எதிரே வருகிறான். அவ்வளவுதானே. வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவர் பிடித்துக்கொள்வார், என் முறை அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி விசிறியை மாட்டி, ஸ்பிரிட் ஊற்றி, அவர் பெட்டியை எடுத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"இதும் ஒடஞ்சா ஒண்ணுமே இல்ல, புள்ள. அப்பறம் பரண்லதான் போடோணும்."

"அதனாலதானுங்க இப்பவே கேக்கறேன்."

அவர் கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமியார்தான் வாய் திறந்தார். "விசிறி ஒண்ணுதான் பாக்கிங்கறயே, அவளுக்கு அந்தச் சேலையும் ஒண்ணுதானடா இருந்துச்சு. மறுக்காக் கட்ட முடியுமா? குடுத்துரு கண்ணு."

அவர் பெட்டியைக் கொடுத்தார். குனிந்து விசிறியைத் தட்டி இன்ஜினைக் கிளப்பினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாஸ்டருக்குத் தலையசைத்தேன்.

விமானம் மேலே போனது. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவரை ஒன்றும் கஷ்டமில்லை. வலது என்றால் வலது. கிணற்றுக்கு மேலே கொண்டுபோய், மெல்ல, மிக மெல்ல, திருப்பினேன். மூக்கு எங்களைப் பார்த்தது. இதோ, ஒருத்தன் பனியன் போட்டுக்கொண்டு எதிரே வருகிறான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் எங்கள் வலது கைப்பக்கமாக இழுத்தது.

"இடது! இடது குடு! ஐயோ, இடது!" என்று என் கணவர் காதுக்குள் கத்தினார்.

"யாரோட இடதுங்க?" என்றேன்.

நான் வலது கொடுத்தேன். அதனுடைய வலது. கத்தரிப்பூ இறக்கை சாய்ந்து, நிமிர்ந்து, எங்கள் தலைக்கு மேலே சர்ரென்று போயிற்று. வெயில் பட்டுக்குள் புகுந்து உள்ளிருக்கிற மரக் குச்சிகள் எல்லாம் தெரிந்தன. முகத்தில் எண்ணெய் துளித்துளியாக விழுந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை. இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று. ஒரு சுற்றுதான் கேட்டிருந்தேன். யாரும் தடுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. என் விரல் அசைந்தால் ஆகாயத்தில் ஒன்று அசைகிறது. இதற்கு மேல் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய் தீர்ந்து இன்ஜின் சட்டென்று நின்றது. அப்படியொரு அமைதி. மூக்கைத் தாழ்த்திக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்தேன். சோளத் தாள்களின் மேல் தட்டித் தட்டி ஓடி, கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மாஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்து, "விசிறி அப்படியே இருக்குதுங்கோ!" என்று கூவினார்.

பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டார்கள். எங்களைச் சுற்றி ஒரே கூட்டம். ஏரியல் நீட்டிய பெட்டி என் கையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார்கள். "ஏனுங்க, அருமையா ஓட்டுனீங்க." "எங்கீங்க கத்துக்கிட்டீங்க இதை?" ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதுவே போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் கையை விடுவித்துக்கொண்டார். "நானில்லீங்க" என்றார். "நான் ஓட்டுனதெல்லாம் வேலியிலதான் போயி வுழுந்துச்சு. இது எங்கூட்டு அம்மணி ஓட்டுனதுங்க." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிஷின் ஓடும்போது பேசுகிற குரலில் சொன்னார்.

கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. எண்ணெய் வழிகிற முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சித்த இரு அம்மணி. இன்னொருக்கா வுடு. ஊட்டுல பொண்டு புள்ளைங்களைக் கூட்டிட்டு ஓடியாந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஓடினார்.

என் கணவர் விமானத்தைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். குனிந்து, பாட்டிலைச் சாய்த்து, எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தார். பெட்டியை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.